சீர்த்தட்டில் பன்னிரண்டு இன்ச்

மாமா போனில் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாஸ்டல் மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. பரமக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல்லும் மிளகாயும் போட்டு விவசாயம் பார்ப்பவர். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு வேட்டி, ஒரு சட்டை எடுப்பார், அதோடு சரி. அவர் வீட்டுக்குக் கடைசியாக வந்த மின்சாரச் சாமான் ஒரு டேபிள் ஃபேன். அதையும் விருந்தாளி வந்தால்தான் போடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் லேப்டாப் வாங்கப் போகிறேன் என்கிறார்.

"மாப்ள, மடியில வச்சுப் பாக்குற கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கணும். அதுல எத்தனையோ இஞ்சு இருக்காமுல்ல. உனக்கு வாங்குறதா இருந்தா எப்படிப் பாப்பியோ, அப்படிப் பாத்து ஒரு அளவு சொல்லு. வீட்ல யார்ட்டயும் இப்ப மூச்சு விட்றாத."

நடுவில் அவர் சொன்னதை ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. 'உனக்கு வாங்குறதா இருந்தா' என்று மனிதர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் இரண்டு குடும்பத்திலும் சேர்த்து கம்ப்யூட்டர் படிக்கிறவன் நான் ஒருத்தன்தான். ராமநாதபுரத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஜூன் வந்தால் நான்காம் வருடம், புராஜெக்ட். லேப்டாப் எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு? சொந்தத்தில் கொடுக்கிறபோது இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுவதுதான் மரியாதை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். 'யாருக்கு மாமா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்ற பயமும் உள்ளுக்குள் இருந்திருக்கும். இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அது 2009, பங்குனி வெயில். அடுத்த ஒரு மாதம் எனக்கு வேறு சிந்தனையே இல்லை. எங்கள் ஹாஸ்டல் மாடியில் மொத்தம் மூன்று லேப்டாப்கள் இருந்தன. ஒருவனிடம் பதினேழு இன்ச். அதைத் தூக்கிக்கொண்டு அவன் அறையை விட்டு வெளியே போய் யாரும் பார்த்ததில்லை. கட்டிலில் அது படுத்திருக்கும், அவன் தரையில் படுப்பான். இன்னொருவனிடம் பத்து இன்ச்சில் ஒன்று. விசைப்பலகையில் ஒரு விரல் வைத்தால் இரண்டு எழுத்து விழும். மூன்றாவது என் அறைத் தோழனுடையது, பதினைந்து புள்ளி நான்கு. அவன் தங்கச்சிமடத்துக்காரன். அவன் அப்பாவுக்கு விசைப்படகு உண்டு. இறால் நன்றாகப் பட்ட வருடத்தில் மகனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். வாங்கினால் இந்த அளவுதான் வாங்க வேண்டும், மற்றதெல்லாம் கால்குலேட்டர் என்பது அவன் கட்சி. நம்பாவிட்டால் இரண்டு நாள் நீயே தூக்கிப் பார் என்று அந்த வாரக் கடைசியில் அதை என் தோளில் மாட்டிவிட்டு, அவன் வீட்டுக்கும் கூட்டிப் போனான்.

வீட்டில் படம் பார்க்கிறவரைக்கும் அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் கல்லூரிக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் வினை வந்தது. எனக்கு உட்கார இடம் கிடைத்தது, மடியில் பைக்கு இடம் கிடைக்கவில்லை. முன் சீட்டுக் கம்பிக்கும் என் வயிற்றுக்கும் நடுவே அது நுழையவே இல்லை. பாம்பன் பாலத்தில் காற்று பஸ்ஸையே அசைத்தது. மண்டபத்தில் ஏறிய மீன்காரம்மா தன் அலுமினியச் சட்டியை என் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் மீன் தண்ணீர் தெறித்தது. ஒரு சொட்டு பைமேல் விழுந்ததும் எனக்குப் பகீரென்றது. அங்கிருந்து உச்சிப்புளி வரைக்கும் பையைத் தலைக்குமேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். காவடி எடுக்கிற மாதிரி இருக்கிறது என்று தோழன் சிரித்தான். மீன்காரம்மாவும் சிரித்தார்.

ராமநாதபுரத்தில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். பன்னிரண்டு இன்ச். புத்தகப் பையிலேயே அடங்கும், மடியில் உட்காரும், பஸ்ஸில் மறைத்துக்கொள்ளலாம். எனக்கு இதைவிடப் பொருத்தமான அளவு உலகத்தில் கிடையாது.

வீட்டில் மூச்சு விடவில்லை. எங்கள் ஊர் அபிராமத்துக்குப் பக்கம். சனிக்கிழமைகளில் போவேன், ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவேன். அப்போது வீட்டில் தங்கச்சியின் சடங்கு விசேஷத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் வயதுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மழை பொய்த்து மிளகாய் கருகியதில் எங்கள் அப்பா, அய்யா என்றுதான் கூப்பிடுவோம், விசேஷத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். இந்த வைகாசியில் வைத்தே தீர்வது என்று முடிவாகியிருந்தது. அவள் அப்போது பிளஸ் ஒன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் அவளுக்கும் அந்த நாட்களில் சண்டை அதிகம். எங்கள் வீட்டு டிவி பதினான்கு இன்ச். அவள் அதற்கு முன்னால், முகத்துக்கும் டிவிக்கும் ஒரு சாண் கூட இல்லாமல், போய் உட்கார்ந்துகொள்வாள். பின்னால் இருக்கிற எங்களுக்கு அவள் தலைதான் தெரியும். சடையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, கண் கெட்டுப் போகும் என்று கத்துவேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பாடம் படிக்கிற லட்சணமும் எனக்குப் பிடிக்காது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, அவளோடு படிக்கிறவள், வந்து உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள். தங்கச்சி அதைத் திருப்பிச் சொல்வாள். இரண்டு பேரும் கோயிலில் பாராயணம் செய்கிற மாதிரி மணிக்கணக்கில் நடக்கும். வாயை மூடிக்கொண்டு கண்ணால் படிக்கத் தெரியாதா என்று ஒருநாள் கதவை அறைந்து சாத்தினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வாய்த் துடுக்கு உள்ளவள். ஊரில் ஒருத்தர் விடாமல் பட்டப்பெயர் வைத்திருந்தாள். என் நடை, என் குரல், நான் சோறு மெல்லும் சத்தம் எல்லாவற்றையும் கிண்டல் செய்வாள். காலேஜில் சேர்ந்த மறுவருடம் நான் மீசை விட்டேன். ஆளில்லாத காட்டில் முளைத்த மாதிரி மெலிசாக இருந்தாலும் மீசை மீசைதானே. அய்யா முறைத்தார், அம்மா வாய்க்குள் சிரித்துக்கொண்டார். ஊருக்குப் போகும்போதெல்லாம் தங்கச்சி என்ன சொல்லப் போகிறாளோ என்று காத்திருந்தேன். அவள் மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவ்வளவு அலட்சியமா என்று எனக்கு உள்ளூரக் கோபம்கூட இருந்தது.

சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் மாமா ராமநாதபுரம் வந்தார். கையில் மஞ்சப்பை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகக் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று மூன்றைத் திறந்து வரிசையாக வைத்தார். பன்னிரண்டின் விலையை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பதினைந்தைவிட அது கூடுதல். மாமாவுக்கு என்னைவிட அதிர்ச்சி. சிறுசுக்கு எப்படி விலை கூடும், ஆட்டைவிடக் குட்டிக்கு விலை கூடுமா என்று கடைக்காரரையே கேட்டார். பெரிதில் இருப்பதை எல்லாம் சின்னதுக்குள் அடக்க வேலைப்பாடு கூட, இடத்தை அடைக்காது, வெயிட் பாதிதான் என்று கடைக்காரர் விளக்கினார். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. விலை கூடியது என்றால் தரமும் கூடியது என்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.

மாமா ஒரு வேலை செய்தார். பதினைந்து இன்ச் முன்னால் போய் நின்று, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பன்னிரண்டு இன்ச்சுக்கும் அதேபோல. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மோந்து பார்த்து வாங்குவதற்கு இது என்ன கருவாடா என்று எனக்கு மானம் போனது.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே மாப்ள. பெருசையே எடுப்பமா?" என்றார்.

"ஏன் மாமா, கண்ணு தெரியாதவுகளுக்கா வாங்குறோம்?" என்றேன்.

நன்றாகச் சொன்னேன். கடைக்காரர்கூடச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்தேன். பிறகு கடைக்காரரிடம், இந்தச் சிறுசில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட வழி இருக்கிறதா என்று கேட்டார். எதில் வேண்டுமானாலும் பெரிதாக்கலாம் என்றார் அவர். அப்படியானால் மாப்பிள்ளை சொன்னதையே கட்டுங்கள் என்று மாமா இடுப்பிலிருந்து பணத்தை எடுத்தார்.

பெட்டியை என் கையில் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். அவர் அதை மஞ்சப்பையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். விசேஷத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று பஸ் ஏறிவிட்டார். சபையில் வைத்து எனக்குக் கொடுக்க ஆசைப்படுகிறார் போலிருக்கிறது, கொடுக்கட்டுமே என்று விட்டேன். அந்த வாரமே பன்னிரண்டு இன்ச்சுக்கென்று செய்த கறுப்புப் பை ஒன்றை வாங்கி, ஹாஸ்டல் அறையில் ஆணியில் மாட்டிவைத்தேன். வெறும் பையை ஒரு மாதம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

விசேஷத்தன்று எங்கள் வாசலை அடைத்துப் பந்தல். தாய்மாமன் சீர் தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு கிளம்பியது. வெடி போட்டார்கள். பெண்கள் தட்டுகளை ஏந்தி வரிசையாக வந்தார்கள். பட்டுப்புடவை, தேங்காய், மாம்பழம், சீனி, மிட்டாய். எல்லாவற்றுக்கும் நடுவில் மாமாவின் மனைவி ஒரு பெரிய தாம்பாளத்தை ஏந்தி வந்தார். அதில் ஆப்பிள் பழங்களுக்கு நடுவே, கண்ணாடித்தாள் சுற்றி, மல்லிகைச் சரம் போட்டு, திறந்த வாக்கில் என் லேப்டாப் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, பெருமையும் வந்தது. கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பந்தலின் முன்வரிசைக்குப் போய் நின்றேன். கூப்பிட்டதும் போய் வாங்கிக்கொள்ள வசதியாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் சீரைச் சபையில் வைத்ததும் ஒருத்தர் மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொல்வார். எங்கள் பங்காளி ஒருவர்தான் சொன்னார். பட்டுப்புடவை சொன்னார், மோதிரம் சொன்னார், வெள்ளிக் கொலுசு சொன்னார்.

"பொண்ணு மேக்கொண்டு படிக்கிறதுக்குத் தாய்மாமன் வச்ச கம்ப்யூட்டரு ஒண்ணு."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே விளங்கவில்லை. தப்பாக வாசித்துவிட்டார், மாமா எழுந்து திருத்துவார் என்று மாமாவைப் பார்த்தேன். அவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். மாலையும் பட்டுமாக நாற்காலியில் இருந்த தங்கச்சியின் மடியில் தாம்பாளத்தை இறக்கினார்கள். அவள் இரண்டு கையாலும் அதன் விளிம்பைத் தடவினாள். கறுப்புப் பை என் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யாரோ மிதித்துக்கொண்டு போனார்கள்.

அய்யாவின் அக்கா, என் அத்தை, பெண்கள் வரிசையில் முன்னால் இருந்தார். அவருக்கும் அம்மா வீட்டாருக்கும் என்றைக்குமே ஆகாது. தாய்மாமன் சீர் என்னமோ பெரிதாக வருகிறது என்றார்கள், கடைசியில் சிலேட்டு ஒன்று வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். பக்கத்து ஊர் விசேஷத்தில் வைத்த கம்ப்யூட்டர் டிவி அளவு இருந்ததாக இன்னொரு அம்மா ஆரம்பித்தார். மாமா தன் துண்டின் முனையைத் திருகிக்கொண்டிருந்தார். அது பெரிதைவிட விலை கூடியது, அளவைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது மாமாவைப் பற்றிய நினைப்பே இல்லை.

வீட்டுக் கொல்லைப்புறத்தில் சமையல் நடந்துகொண்டிருந்தது. அம்மா சாம்பார் அண்டாப் பக்கம் நின்றிருந்தார். நேராகப் போய் அங்கேயே கத்தினேன். பிளஸ் டூ படிக்கிறவளுக்கு லேப்டாப் எதற்கு, அவள் அதில் என்ன கிழிக்கப் போகிறாள், புராஜெக்ட் செய்ய வேண்டியவன் நான், மாமாவுக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டதா என்று என்னவெல்லாமோ. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வைக்கோல் படப்புக்குப் பின்னால் போனார்.

"சத்தம் போடாத. அவளுக்குக் கண்ணு தெரியலப்பா."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

இரண்டு வருடமாகவாம். பார்க்கிற இடத்தில், நட்டநடுவில், சாம்பலைப் பூசின மாதிரி இருக்கிறதாம். சுற்றிலும் தெரிகிறது. அதனால் நடக்கிறாள், தண்ணீர் எடுக்கிறாள், கோலம் போடுகிறாள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நேரே பார்த்தால் எழுத்து இல்லை, முகம் இல்லை. ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை கூட்டிப் போயிருக்கிறார்கள். என்னிடம் கோயிலுக்குப் போய்வந்ததாகச் சொன்னார்கள். வாங்கி வந்த லட்டை நான் தின்றிருக்கிறேன். கண்ணாடி போட்டாலும் சரியாகாது, முழுசாக இருட்டாகவும் போகாது, எழுத்தைப் பெரிதாக்கிக் கிட்டத்தில் வைத்தால் படித்துவிடுவாள், கம்ப்யூட்டர் இருந்தால் மேற்படிப்பே படிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று அய்யா எல்லோர் வாயையும் கட்டிவிட்டார். ஹாஸ்டலில் இருக்கிறவன் சிநேகிதனிடம் சொல்வான், சிநேகிதன் ஊரில் சொல்வான் என்று என்னிடமும் சொல்லவில்லை. பரீட்சை எழுத முடியவில்லை, பிளஸ் ஒன்னோடு நின்றுகொள்கிறேன் என்று தங்கச்சி சொல்லியிருக்கிறாள். அம்மா தம்பியிடம் மட்டும் அழுதிருக்கிறார். கம்ப்யூட்டரை நான் வாங்கித் தருகிறேன் என்று மாமா சொல்லியிருக்கிறார். சீரில் வைத்தால் யாரும் எதற்கென்று கேட்கமாட்டார்கள், இந்தக் காலத்துச் சீர் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதும் அவர் யோசனைதான்.

நான் படப்பில் சாய்ந்து நின்றேன். சடையைப் பிடித்து இழுத்த என் கையைப் பார்த்தேன். அவள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்ததும், பக்கத்து வீட்டுப் பெண் சத்தம் போட்டு வாசித்ததும், நான் கதவை அறைந்ததும் ஒவ்வொன்றாக வந்தன. வாராவாரம் அந்த வீட்டில் சோறு தின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. இருபது மைல் தள்ளி இருக்கிறவர் கடையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதரிடம் நான் சொன்ன வாக்கியமும் முழுசாகத் திரும்பி வந்தது. கண்ணு தெரியாதவுகளுக்கா வாங்குறோம். என்னை யாராவது நாலு அறை அறைந்தால் தேவலை என்று இருந்தது.

மாமா பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குந்தினேன். இன்றைக்கே ராமநாதபுரம் போய்ப் பெரிதாக மாற்றிக்கொண்டு வந்துவிடலாம், கடைக்காரர் காலில் விழுந்தாவது மாற்றுகிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"சபையில வச்ச சீரு மாப்ள. எடுத்தா வேற பேச்சாயிரும். ஏன் மாத்துனாக, எதுக்குப் பெருசுன்னு தோண்டுவாக" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ வெவரமானவன். நீ சொன்னது சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

அவர் என்னைக் குத்திக் காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து அத்தை சாப்பிடுகிற பந்திக்குப் போனேன். அந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தவன் நான், பெரிதைவிட அது விலை கூடியது, மாமாவைக் குறை சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். அத்தை அண்ணாந்து பார்த்தார். அப்படியா, நீ படிச்சவன், உனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

சாயங்காலத்துக்கு முன்பே கூட்டம் கலைந்துவிட்டது. உள்ளறையில் தங்கச்சி பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் பாயில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மூக்கு திரையைத் தொட்டது. டிவிக்கு முன்னால் உட்கார்கிற அதே உட்காரல். நான் மிதிபட்ட கறுப்புப் பையைத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தாள். லேப்டாப்பை மூடி உள்ளே நுழைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் போனது.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குண்ணே" என்றாள். நான் பேசாமல் நிற்பதைக் கவனித்து, "அம்மா சொல்லிருச்சா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

மாமா ஒருநாள் தனியாகவே அந்தக் கடைக்கு மறுபடி போய், பிளஸ் டூ பாடப்புத்தகங்களை நெட்டிலிருந்து எடுத்துப் போடச் சொல்லியிருந்தார். தமிழ்ப் பாடத்தைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். போதுமா என்று கேட்டேன், இன்னும் என்றாள். இன்னும், இன்னும். கடைசியில் அவளுக்குப் போதும் என்ற அளவு வந்தபோது திரையில் ஒரு வரிக்கு மூன்று சொற்கள்தான் நின்றன. மிச்சத்தை வலப்பக்கம் தள்ளிப் படிக்க வேண்டும், பிறகு இழுத்துக்கொண்டு அடுத்த வரிக்கு வர வேண்டும். பதினைந்து இன்ச் என்றால் நான்கு சொற்கள் நின்றிருக்கும். நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். வரிக்கு ஒரு சொல்லை அவளிடமிருந்து எடுத்திருக்கிறேன். பஸ்ஸில் மடியில் வைக்க எனக்கு வசதியாக இருக்கும் என்று எடுத்திருக்கிறேன். அந்தத் திரையிலேயே, வரிவரியாகத் தள்ளித் தள்ளி, அவள் பிளஸ் டூவும் அதற்குமேல் மூன்று வருடமும் படித்து முடித்தாள். அத்தனை நாளும் அந்தக் கணக்கு என்னை விடவில்லை.

"வெயிட்டே இல்லண்ணே. பெருசா இருந்தா இப்படித் தூக்கி மூஞ்சிக்கிட்ட வச்சுக்க முடியுமா?" என்று இரண்டு கையாலும் புத்தகம் மாதிரித் தூக்கிக் காட்டினாள். எனக்காகச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பிறகு இதில் போட்டோ எடுக்கலாமாமே என்றாள். திரைக்கு மேலே கேமரா இருந்தது. அதை இயக்கிவிட்டேன். அவளை எடுக்கிறேன் என்றதற்கு, வேண்டாம், நீ உட்கார் என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். சிரிக்கச் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை, அப்படியே எடுத்தாள். பாடத்தைப் பெரிதாக்கிய அதே வழியில் என் முகத்தையும் பெரிதாக்க ஆரம்பித்தாள். கற்றுக்கொண்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, விரல் தானாகப் போனது. திரையைக் கண்ணுக்கு அருகில் வைத்து, முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஓரக்கண்ணால் நெற்றியில் தொடங்கினாள். புருவத்துக்கு வந்தாள். மூக்குக்கு வந்தாள். அங்கே நின்றாள். கொஞ்சம் மேலே தள்ளினாள், மறுபடி கீழே வந்தாள்.

"அண்ணே, நீ மீசை வச்சிருக்கியா?"

என் கை தானாக மீசைக்குப் போனது.

"எப்பருந்து?" என்றாள்.

"ரெண்டு வருசமாச்சு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நிறைய நேரம் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாவே இல்லண்ணே. எறும்பு ஊந்து போற மாதிரி இருக்கு. இத வச்சுக்கிட்டா ரெண்டு வருசமா ஊருக்குள்ள திரிஞ்ச?"

இரண்டு வருடமாக நான் காத்திருந்த கிண்டல் அது.

"இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாரு" என்றேன்.